யாரும் எழுதாத விதி: சென்னையில் உருவான ஒரு பனிப்புயல் வல்லுநர் அமைப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பழைய மகாபலிபுரம் சாலையில் நாலாவது மாடியில் இருந்த ஒரு சிறிய அலுவலகத்தில் நடந்தது இது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வானிலை அறிக்கை தயாரித்துக் கொடுப்பது அங்கே வேலை. வாடிக்கையாளர்களில் ஒருவர் அமெரிக்காவின் வடகிழக்கில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உட்பகுதியில் பனி அகற்றும் ஒப்பந்ததாரர். சாலைகள், கிடங்குகள், கடைவளாகங்களின் வாகன நிறுத்தங்கள் எல்லாம் விடிவதற்குள் சுத்தமாக இருக்க வேண்டும். அதற்கு ஆட்களை எத்தனை மணிக்கு எழுப்புவது, லாரியில் உப்பு ஏற்றுவதா வேண்டாமா என்று அவர் நள்ளிரவுக்குப் பிறகு முடிவெடுப்பார்.

குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். உலக நேரப்படி 00 மணிக்குத் தொடங்கும் கணினி மாதிரி ஓட்டம் நமக்குக் காலை 5:30. அதன் முடிவுகள் பத்து மணிவாக்கில் கைக்கு வரும். 12:30-க்குள் அறிக்கை போயாக வேண்டும், அப்போது அங்கே அதிகாலை 2 மணி. நாங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில் அவர் லாரிகளைப் பற்றி முடிவெடுத்துக்கொண்டிருப்பார்.

இந்த முடிவுக்கு உதவ ஒரு வல்லுநர் அமைப்பை, அதாவது அனுபவமுள்ள ஒருவரின் அறிவை விதிகளாக எழுதி ஓட்டும் கணினி நிரலை, உருவாக்கினோம். விதிகளை எழுதித் தொகுப்பது என் பொறுப்பு. இதில் வருபவர்கள் எல்லோருடைய சம்மதத்தோடும்தான் எழுதுகிறேன், பெயர்களை மட்டும் விட்டிருக்கிறேன். வானிலை படித்த இளம் ஆய்வாளர்கள் இரண்டு பேர், ஒரு பெண், ஒரு ஆண். மாசசூசெட்ஸில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னறிவிப்பு செய்து ஓய்வுபெற்ற ஒரு வல்லுநர், வீடியோ அழைப்பில் வருவார். நாலாவது ஆள், தமிழகக் கடற்கரை நிலையங்களில் பல ஆண்டுகள் வெப்பமும் மழையும் குறித்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். வாரம் இரண்டு நாள் வந்து இளையவர்களுக்குப் பாடம் எடுப்பார். எல்லோருக்கும் அவர் ‘சார்’. அவரும் சரி, நானும் சரி, இளையவர்கள் இருவரும் சரி, பனி விழுந்து பார்த்ததில்லை.

பேசிக்கொள்ள வார்த்தையே முதல் சிக்கலாக இருந்தது. மார்கழி விடியலில் புல்லில் நிற்பதும் பனி, தாம்பரம் பக்கம் ரயிலை மறைப்பதும் பனி, பாஸ்டனில் முழங்கால் அளவு குவிவதும் பனி. இரண்டாவது வாரம் ஒரு முடிவுக்கு வந்தோம். விழுவது ‘ஸ்னோ’, விழுந்து தரையில் உறைந்து கண்ணாடியாகும் மழை ‘உறைமழை’, மற்றதெல்லாம் பழையபடி பனி.

ஏன் விதிகள்?

வல்லுநர் அமைப்பு என்பது புதிதல்ல. 1970-களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின், ரத்தத் தொற்றுகளுக்கு எந்த ஆன்டிபயாட்டிக் கொடுப்பது என்று மருத்துவர்களுக்கு ஆலோசனை சொன்னது. ‘இது இருந்தால், அதுவும் இருந்தால், இந்த முடிவு, இவ்வளவு உறுதியோடு’ என்று சில நூறு விதிகள், அவற்றை ஓட்ட ஒரு நிரல். அந்த வழியில் விதிகளை எழுதி ஓட்ட 1985-இல் நாசா கிளிப்ஸ் என்ற கருவியை உருவாக்கியது, அது இன்றும் கிடைக்கிறது. வானிலைக்காரர்களும் 1980-களில் இதில் ஆர்வமாக இறங்கினார்கள். 1989 கோடையில் கொலராடோவில், கடும் இடிமழையைக் கணிக்கும் பல அறிவுசார் அமைப்புகளை ஒரே களத்தில் ஓடவிட்டு ஒப்பிட்டும் பார்த்தார்கள்.

தரவைக் கொட்டி இயந்திரத்தையே கற்கவிடும் காலத்தில் ஏன் விதிகள் என்று எங்கள் அலுவலகத்திலும் கேள்வி வந்தது. என்னிடம் இரண்டு பதில் இருந்தது. அந்த ஒரு வட்டாரத்தில் வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறைதான் கணக்கில் எடுக்கும்படி ஸ்னோ விழுகிறது, அதை வைத்து இயந்திரம் கற்பது கடினம். மற்றது வாடிக்கையாளர் கேட்டது. ‘ஆளை எழுப்பச் சொன்னால் ஏன் என்று சொல்லுங்கள், எழுப்பாதே என்றாலும் ஏன் என்று சொல்லுங்கள்’ என்றார். விதிகளால் அது முடியும். ‘ஏன்?’ என்ற பொத்தானை அழுத்தினால், எந்த விதி எந்த எண்ணைப் பார்த்து என்ன சொன்னது என்று வரிசையாகக் காட்டும். அந்தப் பொத்தானை நான் முழுதாக நம்பினேன்.

வல்லுநரிடமிருந்து விதிகளுக்கு

‘எப்படிக் கணிக்கிறீர்கள்?’ என்று நேராகக் கேட்டால் எந்த வல்லுநரும் பாடப்புத்தகத்தைத்தான் சொல்வார். முதல் இரண்டு அமர்வுகளில் எங்களுக்குக் கிடைத்தது அதுதான். காற்றழுத்தம் 1000 ஹெக்டோபாஸ்கல் இருக்கும் மட்டத்துக்கும் 500 இருக்கும் மட்டத்துக்கும் இடையிலான காற்றடுக்கின் தடிமன் 5400 மீட்டருக்குக் கீழே இருந்தால் ஸ்னோ, மேலே இருந்தால் மழை. 850 மட்டத்தில், அதாவது ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில், வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு செ.மீ. மழைநீருக்குப் பத்து செ.மீ. ஸ்னோ. தாழ்வழுத்த மையம் வட அட்சம் 40, மேற்கு தீர்க்கம் 70 சந்திக்கும் புள்ளியை ஒட்டிப் போனால் பாஸ்டன் பக்கம் கனத்த ஸ்னோ. எல்லாமே அந்த ஊர் முன்னறிவிப்பாளர்கள் மனப்பாடமாக வைத்திருப்பவை.

அப்புறம் வழியை மாற்றினோம். பழைய புயல்களின் வரைபடங்களைத் தேதியை மறைத்து அவர் முன் வைத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னோம். லேசான ஸ்னோ என்று எதிர்பார்த்த வாஷிங்டனை 45 செ.மீ.க்கு மேல் மூடிய 1979 பிப்ரவரி புயல், ஐந்து நாள் முன்பே மாதிரிகள் பிடித்துவிட்ட 1993 மார்ச் புயல், முதல் நாள் மாலை வரை மாதிரிகளின் கண்ணில் படாத 2000 ஜனவரி புயல் என்று ஒவ்வொன்றாக வைத்தோம்.

அதிகம் கற்றது 2015 ஜனவரி புயலில். நியூயார்க் நகருக்கு 50 முதல் 75 செ.மீ. வரை என்று சொல்லி சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது சுமார் 25 செ.மீ. பாஸ்டனில் 60-ஐத் தாண்டியது. புயல் கொஞ்சம் கிழக்கே விலகிப் போனதுதான் வித்தியாசம். அந்த வரைபடத்தின் மேற்கு ஓரத்தைப் பென்சிலால் தொட்டு, ‘இந்த ஓரம் கத்தி மாதிரி இருக்கும், இங்கே மட்டும் எண்ணைச் சொல்லாதீர்கள், வாய்ப்பைச் சொல்லுங்கள்’ என்றார் வல்லுநர். அப்படியே அது ஒரு விதியானது.

மழைக்காலம் தொடங்கும்போது எங்களிடம் நூற்றைம்பது விதிகளுக்குக் கொஞ்சம் மேலே இருந்தன. எந்தப் புயல்களை வைத்து எழுதினோமோ அந்தப் பெரும் புயல்களிலும், அவர் பொறுக்கித் தந்த இன்னும் சிலவற்றிலும் ஓட்டிப் பார்த்தோம். அவர் சொன்னதையே அமைப்பும் பெரும்பாலும் சொன்னது. எல்லோருக்கும் சந்தோஷம்.

டிசம்பர்: மழை என்று அனுப்பிய நாள்

முதல் குளிர்காலத்தில் அமைப்பு ஆலோசனை மட்டும் சொல்லும், கையெழுத்து மனிதருடையது என்பது ஏற்பாடு. முதல் சில வாரங்களில் வந்த சின்னச் சின்ன மழைகளில் அது சரியாகவே சொன்னது.

டிசம்பர் நடுவில் ஒரு நாள். அன்று பணியில் இருந்தவர் இளம் பெண் ஆய்வாளர். அங்கே அதிகாலை மூன்று நாலு மணிக்கு மேல் மழையோ ஸ்னோவோ தொடங்கும் என்று மாதிரி சொன்னது. தடிமன் 5430 மீட்டர். தரைவெப்பம் 3 டிகிரி. 850 மட்டத்தில் மைனஸ் 2. தடிமன் விதி மழைக்கு 0.6 உறுதி கொடுத்தது. தரைவெப்ப விதி 0.5 கொடுத்தது. 850 மட்டத்தின் விதியோ, தடிமனும் 5400-க்குக் கீழே இருந்தால்தான் ஸ்னோ என்று பேசும்படி எழுதப்பட்டிருந்ததால் வாயே திறக்கவில்லை. மைசின் முறைப்படி இரண்டையும் சேர்த்தால், 0.6-உடன் மீதமுள்ள 0.4-இல் பாதி கூடி 0.8. திரையில் ‘மழை, உறுதி 0.8’ என்று வந்தது.

அன்று பெரியவர் வந்திருந்தார். பாடம் முடித்துக் கிளம்பும்போது திரையை எட்டிப் பார்த்தார்.

“அங்க வெட் பல்ப் எவ்வளவும்மா?”

“அது இந்த அமைப்புல வராது சார். டெம்பரேச்சர் மூணு இருக்கு.”

“மூணு சரி. டியூ பாயிண்ட்?”

அவர் அந்த ஊர் விமான நிலைய அறிக்கையைத் திறந்தார். அதில் ‘03/எம்08’ என்று இருந்தது. எம் என்றால் மைனஸ். வெப்பம் 3, டியூ பாயிண்ட் மைனஸ் 8. காற்றில் இருக்கும் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைதான் டியூ பாயிண்ட். அது வெப்பத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறதோ, காற்று அவ்வளவு வறண்டது.

“அப்போ மழை விழ ஆரம்பிச்சா அது மூணுலயே நிக்காதே.”

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். மணி 12:20. ‘ஏன்?’ பொத்தானை அழுத்தினோம். இரண்டு விதிகள், இரண்டு எண்கள், தெளிவான விளக்கம். அதில் டியூ பாயிண்ட் எங்குமே இல்லை. பத்து நிமிடம்தான் இருந்தது. முந்தைய வாரங்களில் அமைப்பு சொன்னது பலித்திருந்தது. யாராவது ஒரு கேள்வி கேட்ட உடனே அதை ஒதுக்கிவிட்டால், இந்தச் சோதனையை நடத்துவதற்கே அர்த்தமில்லை என்று அந்த நிமிடம் எனக்குப் பட்டது. அறிக்கையை அப்படியே அனுப்பச் சொன்னது நான்தான். ‘மழை, சில இடங்களில் சகதி போல லேசான ஸ்னோ படியலாம், ஆட்கள் தேவையில்லை.’ மழை வருமென்றால் சாலையில் முன்கூட்டியே உப்புநீர் தெளிப்பதில்லை, மழை அதைக் கழுவிவிடும். அதனால் அதுவும் நிறுத்தப்பட்டது.

நம் நேரம் மதியம் இரண்டு மணிக்கு விமான நிலைய அறிக்கையில் மழைக்கான ‘ஆர்ஏ’ வந்தது. அந்தப் பெண் நிம்மதியாக மூச்சுவிட்டார். இருபது நிமிடத்தில் வந்த சிறப்பு அறிக்கையில் இரண்டும் கலந்திருந்தது. இரண்டேமுக்காலுக்கு வெறும் ‘எஸ்என்’. வெப்பம் 3-இலிருந்து பூஜ்ஜியத்துக்கு வந்து அங்கேயே நின்றது. பெரியவர் கிளம்பாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அங்கே காலை ஏழு மணிக்குள் 9 செ.மீ., ஒன்பதுக்குள் 12. ஈரமான, கனத்த ஸ்னோ. ஒப்பந்ததாரர் நாலரை மணிக்குத்தான் ஆட்களை எழுப்பினார். லாரிகளில் உப்பு இல்லை. ஒரு கிடங்கின் வாசலில் சரக்கு லாரிகள் இரண்டு மணி நேரம் நின்றன. யாருக்கும் அடிபடவில்லை என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

மறுநாள் பார்த்தது

மறுநாள் காலை பெரியவர் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே இரண்டு பாதரச வெப்பமானிகள், கொஞ்சம் மல் துணி, ஒரு சின்ன டப்பாவில் தண்ணீர். கூட்ட அறையின் ஏசியை அணைத்துவிட்டு மின்விசிறியைப் போடச் சொன்னார். ஒரு வெப்பமானியின் குமிழில் துணியைச் சுற்றி நூலால் கட்டினார். முடிச்சை இறுக்கவில்லை. ‘இறுக்கினா தண்ணி ஏறாது’ என்றார். துணியின் நுனியைத் தண்ணீரில் விட்டார். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. உலர்ந்த வெப்பமானி 29-இல் நின்றது. ஈரத்துணி கட்டியது மெதுவாக இறங்கி 24-க்கு வந்தது. இரண்டுக்கும் காற்று ஒன்றுதான், விசிறியும் ஒன்றுதான்.

மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். தண்ணீர் ஆவியாகப் போகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிர்ச்சி. மாசசூசெட்ஸில் அன்று இருந்தது வறண்ட காற்று. மேலிருந்து விழுந்த முதல் துளிகள் அந்தக் காற்றில் ஆவியாகின. காற்று ஈரமாகி, ஈரத்துணி கட்டிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையை நோக்கி இறங்கியது. பெரியவர் கேட்ட வெட் பல்ப் இதுதான். 3 டிகிரி வெப்பமும் மைனஸ் 8 டியூ பாயிண்டும் இருந்தால் ஈரக்குமிழ் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே வரும். அதனால்தான் மழையாகத் தொடங்கியது முக்கால் மணி நேரத்தில் முழுக்க ஸ்னோவாக மாறியது. வானிலை நிலையங்களில் வெப்பமானிகளை வைக்கும் ஸ்டீவன்சன் பெட்டியைத் திறந்து, உலர்ந்ததும் ஈரமானதுமான இரண்டு வெப்பமானிகளையும் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர் பெரியவர். ஸ்னோவைப் பார்த்திராவிட்டாலும் இது அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று மாலை அமெரிக்க வல்லுநரிடம் கேட்டோம். ஏன் ஒரு அமர்வில்கூட இதைச் சொல்லவில்லை? அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ‘அதை நான் பார்ப்பேன் என்றே எனக்குத் தோன்றியதில்லை. வரைபடத்தைத் திறப்பதற்கு முன்னால், காபி போடும்போதே டியூ பாயிண்டைப் பார்த்துவிடுவேன்’ என்றார். அமர்வு தொடங்குவது வரைபடத்திலிருந்து. அதற்கு முன்னால் நடந்தது எங்கள் ஒலிப்பதிவில் இல்லை.

அப்படியானால் சோதனையில் ஏன் தெரியவில்லை? நாங்கள் எடுத்தவை எல்லாம் பேர்பெற்ற புயல்கள். அந்தப் புயல்களில் மேலிருந்து கொட்டும் வேகத்தில் காற்று சீக்கிரமே நனைந்துவிடும், வறட்சியைப் பற்றி யோசிக்காமலே விடை சரியாக வரும். 5 செ.மீ., 10 செ.மீ. என்று வந்துபோகும் பேரில்லாத நாட்களில்தான் ஈரக்குமிழ் விடையை மாற்றுகிறது. அப்படிப்பட்ட நாள் ஒன்றுகூட எங்கள் சோதனையில் இல்லை. இந்தப் பிழை முழுக்க என்னுடையது. சோதனை நாட்களைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

அந்த 0.8-லும் கோளாறு இருந்தது. தடிமனும் தரைவெப்பமும் தனித்தனி சாட்சிகள் என்று எண்ணித்தான் உறுதி எண்கள் கூடுகின்றன. இரண்டும் சொன்னதோ ஒரே விஷயம், நனைவதற்கு முன்னால் கீழ்க்காற்று இளஞ்சூடாக இருந்தது என்பது. ஒரே ஆளின் பேச்சை இரண்டு வாயிலிருந்து கேட்டுவிட்டு, இரண்டு பேர் சொல்கிறார்களே என்று நம்பிய மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு அதிகம் உறுத்தியது ‘ஏன்?’ பொத்தான்தான். அது பொய் சொல்லவில்லை. பேசிய விதிகளைச் சரியாகக் காட்டியது. ஆனால் எழுதப்படாத விதியை அதனால் காட்ட முடியாது. விளக்கம் தெளிவாக இருந்ததாலேயே கடைசிப் பத்து நிமிடத்தில் பெரியவரின் கேள்வி எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. விளக்கமே இல்லாமல் வெறும் ‘மழை’ என்று வந்திருந்தால் நான் கொஞ்சம் தயங்கியிருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஜனவரி: எதிர்ப்பக்கம் சறுக்கியது

ஒரே வாரத்தில் ஈரக்குமிழ் விதியைச் சேர்த்தோம். தரைவெப்பத்தின் இடத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை. பழைய நாளை மறுபடி ஓட்டினால் ‘ஸ்னோ’ என்று வந்தது. அவசரத்தில் அதோடு நிறுத்திக்கொண்டோம்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் இளைஞர் பணியில் இருந்தார். தரைவெப்பம் 2, காற்று மிக வறண்டது. அமைப்பு ‘ஸ்னோ, 10 செ.மீ.’ என்றது. போன தடவை பட்ட அடியில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஒப்பந்ததாரர் இரவு முழுக்க ஆட்களை வண்டியில் உட்கார வைத்திருந்தார். ரேடாரில் அந்த ஊரின் மேலே பச்சையாகப் படர்ந்திருந்தது. விமான நிலைய அறிக்கையில் மணிக்கணக்காக ஒன்றும் இல்லை. விழுந்ததெல்லாம் பாதி வழியிலேயே காய்ந்துபோனது. விடியும்போது புல்லில் மாவு தூவினாற்போல ஒரு வெள்ளை, அவ்வளவுதான். இரவுக்கூலி அவர் கையிலிருந்து போனது. தொலைபேசியில் அவர் குரலை உயர்த்தவில்லை. ‘இரண்டு தடவை’ என்று மட்டும் சொன்னார்.

வறண்ட காற்று மழையை ஸ்னோவாக்கவும் செய்யும், ஸ்னோவைத் தரைக்கு வரவிடாமல் தின்றும்விடும். இரண்டில் எது நடக்கும் என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது. வறண்ட அடுக்கு எத்தனை உயரம்? மேலிருந்து விழுவது எவ்வளவு வேகம்? வடக்கே ஒரு உயரழுத்தம் உட்கார்ந்து, நனைந்த காற்றைத் தள்ளிவிட்டுப் புதிதாக வறண்ட காற்றை ஊட்டிக்கொண்டே இருக்கிறதா? டிசம்பரில் அடுக்கு மெலிசு, மழை வேகம். ஜனவரியில் அடுக்கு மூன்று கிலோமீட்டரை நெருங்கியது, விழுந்தது தூறல், கனடாவிலிருந்து வறண்ட காற்று நிற்காமல் வந்தது. தண்ணீரின் பெரும்பகுதி காற்றை நனைக்கவே செலவாகிவிட்டது. ஒரு விதியைத் திருத்தினால் அதன் மறுபக்கத்தையும் உடனே எழுத வேண்டும் என்பதை வாடிக்கையாளரின் காசில் நாங்கள் கற்றுக்கொண்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

மாற்றிய விதம்

பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் நாலு பேரும் உட்கார்ந்தோம். அமைப்பையே நிறுத்திவிடலாமா என்பதும் பேச்சில் இருந்தது. வேண்டாம் என்று அழுத்திச் சொன்னது டிசம்பரில் அடிபட்ட அந்தப் பெண்தான். ‘இது இல்லைன்னா நான் எதைப் பார்க்க மறந்தேன்னு எனக்கே தெரிஞ்சிருக்காது சார்’ என்றார். விதிகள் எழுத்தில் இருந்ததால்தான் எது இல்லை என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. தலைக்குள்ளேயே இருந்திருந்தால் ‘கணிப்பு தவறிவிட்டது’ என்பதோடு போயிருக்கும்.

‘மழை 0.8’ என்ற ஒற்றை எண்ணை எடுத்துவிட்டோம். அதன் இடத்தில் எந்த எண் எல்லைக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று வரும். 5430 என்பது 5400-க்கு முப்பது மீட்டர் பக்கத்தில் நிற்கிறது என்று தெரிந்தாலே ஆய்வாளர் நிதானிப்பார். அடுத்து, தன் கணிப்பை ஆய்வாளர் எழுதிப் பதிவு செய்யும்வரை அமைப்பு தன் விடையைக் காட்டாது. ஒரு விடையைப் பார்த்துவிட்ட கண்ணால் வேறு விடையைத் தேடுவது கஷ்டம் என்பதை டிசம்பரில் பார்த்துவிட்டோமே.

மூன்றாவது மாற்றம் பெரியவருடையது, எனக்குப் பிடித்ததும் அதுதான். ‘பார்த்ததை எல்லாம் சொல்றீங்க. வந்தும் பார்க்காததைச் சொல்றீங்களா?’ என்று கேட்டார். அதிலிருந்து திரையின் வலது ஓரத்தில் ஒரு பெட்டி வந்தது. அன்று தரவில் வந்து சேர்ந்தும் எந்த விதியும் தொடாத எண்கள் எல்லாம் அங்கே நிற்கும். டிசம்பர் நாளின் தரவைப் பழைய விதிகளோடு ஓட்டிப் பார்த்தோம். பெட்டியின் முதல் வரியில் ‘டியூ பாயிண்ட்: -8’ என்று நின்றது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி

அடுத்த பெரிய சோதனை பிப்ரவரி மூன்றாம் வாரம். மறுபடியும் அந்தப் பெண்ணின் முறை. முதலில் தன் கணிப்பை எழுதினார்: ஸ்னோ, 10 செ.மீ., அங்கே காலை எட்டுக்குள் நின்றுவிடும். அப்புறம் அமைப்பின் விடையைத் திறந்தார். அதுவும் ஸ்னோ என்றது, ஆனால் 15 செ.மீ. மாதிரியின் 15 மி.மீ. தண்ணீரைப் பத்தால் பெருக்கிய கணக்கு அது.

வலது ஓரப் பெட்டியில் இரண்டு வரிகள் நின்றன. காற்று கிழக்கே திரும்புகிறது, கடல்நீரின் வெப்பம் 4 டிகிரி. இரண்டையும் எந்த விதியும் தொடவில்லை. கடலிலிருந்து வரும் காற்று கீழடுக்கைப் பூஜ்ஜியத்தை ஒட்டியே வைத்திருக்கும், அப்போது செதில்கள் ஈரமாகிப் படிந்து உட்காரும், பத்துக்கு ஒன்று என்ற கணக்கு ஏழுக்கு ஒன்று என்று சுருங்கும் என்று அவர் வாதம். ஈரக்குமிழ், வறண்ட அடுக்கின் உயரம், மழையின் வேகம் மூன்றையும் சரிபார்த்துவிட்டு, தன் 10-ஐயே வைத்துக்கொண்டு, அமைப்பை ஏன் ஏற்கவில்லை என்று இரண்டு வரி எழுதி 12:15-க்கு அனுப்பினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விழுந்தது 11 செ.மீ. உப்பு லாரிகள் நேரத்துக்குக் கிளம்பின. ஆனால் நிற்கும் நேரம் தவறியது. எட்டு மணி என்றார், பதினொன்று வரை தூவிக்கொண்டிருந்தது. ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒப்பந்ததாரர் மறுபடி கூப்பிட வேண்டியதாயிற்று. கடல்காற்று இருக்கும்போது ஓரத் தூறல் நீடிக்கும் என்று அமெரிக்க வல்லுநர் அப்புறம் சொன்னார். விதிகளில் அதுவும் இல்லை. அன்றே சேர்த்தோம், எப்போது நீடிக்காது என்ற மறுபக்கத்தோடு.

அந்தக் குளிர்காலம் முடிந்ததும் ஒப்பந்ததாரர் இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். ஒரு நிபந்தனை வைத்தார். அறிக்கையின் கீழே, ஆய்வாளரும் அமைப்பும் எங்கே வேறுபட்டார்கள் என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

இப்போது செய்தால்

மறுபடி தொடங்கினால் முதல் அமர்வை வரைபடத்தோடு தொடங்க மாட்டேன். வல்லுநர் அலுவலகத்துக்குள் நுழைவதிலிருந்து, ஜன்னலைப் பார்ப்பதிலிருந்து, காபியிலிருந்து தொடங்குவேன். சோதனைக்குப் பேர்பெற்ற புயல்களில் நாலு, பேரில்லாத நாட்களில் நாற்பது எடுப்பேன். ஸ்னோ வரும் என்று நினைத்து வராமல் போன நாட்கள் அதில் பாதி இருக்க வேண்டும். இரண்டு விதிகளின் உறுதியைக் கூட்டுவதற்கு முன்னால், இரண்டும் பார்ப்பது ஒரே காற்றையா என்று கேட்பேன். யார் கேட்ட கேள்வியானாலும், பதில் இல்லாமல் 12:30 அறிக்கை போகாது. பத்து நிமிடம் தாமதம் என்று வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பியிருந்தால் டிசம்பரிலேயே தப்பித்திருக்கலாம். அவரே பிறகு அப்படித்தான் சொன்னார்.

இந்த வேலையின் நடுவில் இன்னொன்று தொடங்கியது. 2021 டிசம்பர் 30 மதியம் சென்னையில் கொட்டித் தீர்த்த மழையை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. அவ்வளவு மழை வருமென முதல் நாள் யாரும் எதிர்பார்க்கவில்லை, சிவப்பு எச்சரிக்கை வரும்போது சாலைகள் நிரம்பியிருந்தன. நமக்கு ஸ்னோ இல்லை. ஆனால் தாழ்வழுத்தம் எங்கேயோ இருக்க, மாதிரி ஒன்றைச் சொல்ல, கடற்கரையில் வேறொன்று நடக்கும் நாட்கள் வடகிழக்குப் பருவமழையில் நிறைய உண்டு. அந்த நாட்களில் தான் எதையெல்லாம் பார்ப்பார் என்று பெரியவர் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறார். பொது எச்சரிக்கை கொடுப்பது வானிலை ஆய்வு மையத்தின் வேலை, அதில் நாங்கள் தலையிடப் போவதில்லை. இது இளையவர்கள் படிக்க.

அந்தப் பெண் வாரம் ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போய் எதிரே உட்கார்ந்து கேட்கிறார். ‘மேப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி என்ன பார்ப்பீங்க சார்?’ என்பதுதான் முதல் கேள்வி. அவர் யோசித்துவிட்டு எழுதியது: ‘விடியற்காலை நாலு மணி. கரையில் தரைக்காற்று மேற்கிலிருந்து லேசாக வீசுகிறதா, கடல் மேகம் கிழக்கிலிருந்து வந்து அதில் முட்டுகிறதா? மொட்டை மாடியில் கொடிக்கயிற்றில் கிடக்கும் துண்டு எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்.’